எத்தனை கைகள்

நான் பணியாற்றிய குழந்தைகள் இல்லத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு குறிப்பேடு உண்டு. எத்தனை மணிக்கு உண்டான், எவ்வளவு உண்டான், மலம் கழித்தானா, வலிப்பு வந்ததா, வந்தால் எத்தனை நிமிடம் நீடித்தது, இரவில் எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கப்பட்டான் என்பதையெல்லாம் பணியில் இருப்பவர் எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்த ஓர் இரவில், எல்லோரும் உறங்கிய பிறகு, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த பையனின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாரத்துப் பக்கங்களில் இருந்த வெவ்வேறு கையெழுத்துகளை விளையாட்டாக எண்ணத் தொடங்கினேன். 11 வந்தது. தவறாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு முறை எண்ணினேன், 11 தான்.

அதாவது ஏழு நாட்களில் பதினொரு பேர் அவனைத் தூக்கியிருக்கிறார்கள், குளிப்பாட்டியிருக்கிறார்கள், உடை மாற்றியிருக்கிறார்கள், வாயைத் திறக்கச் சொல்லி உணவு ஊட்டியிருக்கிறார்கள். அவனுக்கு அப்போது வயது ஆறு. மூளை முடக்குவாதத்தால் கைகால்கள் விறைத்துப்போன, பேச்சு வராத குழந்தை அவன். ஆனால் அவனுக்குச் சொல்லத் தெரியும். 'ஆம்' என்பதற்குக் கண்களை உத்தரத்தை நோக்கி உயர்த்துவான். 'வேண்டாம்' என்பதற்கு இமைகளை இறுக மூடிக்கொள்வான். கேள்வியைக் கேட்டுவிட்டு நான்கைந்து வினாடிகள் பொறுமையாகக் காத்திருந்தால் பதில் வரும். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேரில் இந்த மொழி தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் நல்லவர்கள், கனிவானவர்கள், அவனைச் செல்லமாகக் கொஞ்சுகிறவர்கள்; ஆனால் அவன் பதில் சொல்வதற்குள் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுகிறவர்கள்.

இல்லங்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் கட்டடம் எவ்வளவு தூய்மையாக இருந்தது, எத்தனை கட்டில்கள், எத்தனை பிசியோதெரபி கருவிகள் என்ற விவரங்கள் நிறைய வரும். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆயினும் ஒரு குழந்தையை ஒரு வாரத்தில் எத்தனை கைகள் தொடுகின்றன என்ற கணக்கை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றரை ஆண்டுக் காலம் அங்கே இருந்துவிட்டு வெளியே வந்த பிறகும் என்னை விடாமல் துரத்துவது அந்தக் கணக்குதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் உணவு ஊட்டுவதைச் சொல்கிறேன், ஏனெனில் கைகளின் வேறுபாடு வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. என்னை அந்த வேலைக்குப் பழக்கியவர் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்த மூத்த பராமரிப்பாளர். பிள்ளைகளும் ஊழியர்களும் அவரை அக்கா என்றே அழைப்போம். முதல் நாள் நான் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே ஊட்டப் போனேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரு தாழ்வான முக்காலியை இழுத்துப் போட்டார். நாம் நின்றால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் கழுத்து பின்னுக்கு வளைந்து, உணவு இறங்க வேண்டிய வழிக்குப் பதிலாக மூச்சுக்குழலின் வாய் திறந்துகொள்ளும். இடுப்பு நாற்காலியின் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், பாதங்கள் தொங்காமல் பலகையில் பதிந்திருக்க வேண்டும், தலை நடுவில் நின்று மோவாய் இலேசாக உள்வாங்கியிருக்க வேண்டும், ஊட்டுபவரின் கண்கள் குழந்தையின் கண்களுக்கு நேராக இருக்க வேண்டும். கரண்டியைத் தட்டையாக நுழைத்து நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தினால் உதடுகள் தாமாக மூடும். அப்படி மூடும்வரை காத்திருக்க வேண்டும். மேல்பல்லில் தேய்த்து உணவை வழித்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் குழந்தை விழுங்கக் கற்றுக்கொள்ளாது.

விழுங்கிய பிறகும் உடனே அடுத்த கரண்டி கிடையாது. பெரும்பாலும் இரண்டாவது முறை விழுங்கினால்தான் வாய் காலியாகும். குரலில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஈரம் கேட்டாலோ, கண்களில் நீர் கோத்தாலோ, உதட்டைச் சுற்றி நிறம் மாறினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றையும்விட அச்சம் தருவது, உணவு நுரையீரலுக்குள் இறங்கும்போது சில குழந்தைகளுக்கு இருமலே வராது என்பதுதான். சத்தமே இல்லாமல் இறங்கும். பிறகு காய்ச்சல் வரும். 'இந்தக் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். இப்படி ஊட்டினால் ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம் பிடிக்கிறது. மூன்று வேளைக்கு இரண்டு மணி நேரம். எங்கள் அறையில் ஆறு பேர், ஆக ஊட்டுவதற்கு மட்டும் பன்னிரண்டு மணி நேரம். பகலில் இருந்த பராமரிப்பாளர்கள் இருவர், அவர்களுக்கு இதைத் தவிரக் குளியலும் துணியும் மருந்தும் உடற்பயிற்சியும் உண்டு. பரபரப்பு எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். புதிதாக வந்தவர்கள் பதினைந்து நிமிடத்தில் ஊட்டி முடித்தால் அது கல்நெஞ்சத்தால் அல்ல; அடுத்த நாற்காலியில் இன்னொரு குழந்தை பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை நானும் அப்படி முடித்துவிட்டுப் பெருமையோடு எழுந்தபோது அக்கா, "அவசரம் உனக்குத்தான் தம்பி, அவன் எங்கே போகப் போகிறான்?" என்றார்.

இந்தக் கைகளின் கணக்கு புதியதன்று. உளவியல் மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் 1945-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இரண்டு இடங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளை ஒப்பிட்டது. ஒன்று, தண்டனை பெற்ற பெண்களின் சிறைச்சாலையோடு இணைந்திருந்த குழந்தைகள் பகுதி; அங்கே தாய்மாரே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். மற்றொன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். உணவிலும் தூய்மையிலும் மருத்துவக் கண்காணிப்பிலும் அந்த இல்லத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு செவிலிக்கு ஏழெட்டுக் குழந்தைகளுக்குக் குறையாமல் இருந்தனர், தொட்டில்களின் பக்கக் கம்பிகளில் வெள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டிருந்ததால் குழந்தைகளால் பக்கத்துத் தொட்டிலைக்கூடப் பார்க்க முடியவில்லை. சிறையில் வளர்ந்தவர்கள் ஓடி விளையாடினர். இல்லத்தில் இருந்த 91 குழந்தைகளில் இரண்டு ஆண்டுகளுக்குள் 34 பேர் இறந்துபோயினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் தயாரித்த அறிக்கையும் இதே இடத்தைத்தான் சுட்டியது: சிறு குழந்தைக்கு உணவைப் போலவே, மாறாமல் உடனிருக்கும் ஓர் ஆளும் தேவை.

இதற்கு மாறாக, இல்லத்திலேயே இதைச் சரியாகச் செய்ய முயன்றவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர். 1946-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், லோட்ஸி என்ற தெருவில் ஓர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவு ஊட்டுவது ஆகிய மூன்றையும் 'முடித்துவிட வேண்டிய வேலைகள்' என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். குழந்தைக்கும் பெரியவருக்கும் நடுவில் உறவு உண்டாகும் நேரம் அதுதான் என்றார். கையைத் தூக்குவதற்கு முன் 'உன் கையைத் தூக்கப் போகிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் குழந்தை தன் பங்குக்கு அசையும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் முதன்மையாக ஒரு பராமரிப்பாளர் இருந்தார். உணவு ஊட்டும் வரிசை தினந்தோறும் ஒன்றாகவே இருக்கும். யாருக்குப் பின் தன் முறை வரும் என்று தெரிந்துவிட்டால் ஒரு வயதுக் குழந்தைகூட அழாமல் காத்திருக்கும் என்பது அங்கே கண்டறிந்த செய்தி. இதைப் படித்த வாரமே எங்கள் அறையில் வரிசையை நிலையாக்கிப் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு நாட்களில், மூன்றாவதாக உண்ணும் சிறுமி இரண்டாவது குழந்தையின் கிண்ணம் கழுவப்படும் சத்தம் கேட்டவுடன் சிரிக்கத் தொடங்கினாள். அதற்கு முன்பெல்லாம் அவள் அந்த நேரம் முழுவதும் தலையை நாற்காலியில் முட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவுக்கும் ஆன செலவு எதுவுமில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கைகளைக் குறைப்பது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. ஆறு குழந்தைகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூவருக்கும் நிலையான ஆட்களை ஒதுக்கலாம் என்று அக்காவும் நானும் கேட்டபோது, நிர்வாகத்திலிருந்து வந்த மறுப்பு இதுதான்: "ஒருவரிடமே ஒட்டிக்கொண்டால், அவர் வேலையை விட்டுப் போகும்போது பிள்ளைகள் அழுது ஏங்கிப்போவார்கள், எல்லோரிடமும் பழகட்டும்." கேட்பதற்கு இரக்கமாக ஒலிக்கும் இந்தப் பேச்சைப் பல இல்லங்களில் கேட்கலாம். அழுவார்கள்தான். அழாத குழந்தையைக் கண்டால்தான் பதற வேண்டும். ருமேனியாவில் 1966-ஆம் ஆண்டின் அரசாணை கருக்கலைப்பைத் தடைசெய்ததன் விளைவாகவும் வறுமையின் விளைவாகவும் இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1989-இல் கம்யூனிச ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் இருந்தனர். உள்ளே நுழைந்தவர்கள் திகைத்தது நாற்றத்தால் மட்டுமல்ல, அமைதியாலும்தான். கைக்குழந்தைகள் நிறைந்த கூடத்தில் அழுகுரலே இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்பதைக் கற்றுக்கொண்ட குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது.

அந்நாட்டின் தலைநகரான புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 68 பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்ற 68 பேரை வழக்கமான ஏற்பாட்டிலேயே தொடரவிட்டது. குடும்பங்களுக்குச் சென்றவர்கள் அறிவுத்திறனிலும் ஒருவரைச் சார்ந்து நம்பும் இயல்பிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த மீட்சி தெளிவாகத் தெரிந்தது. இந்த ஆய்வின் தாளை அச்செடுத்து நிர்வாகத்தாரின் மேசையில் வைத்தோம். அவர்கள் படித்தார்களா என்பதைவிட, அக்கா வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்னதுதான் பலித்தது என்று நினைக்கிறேன். புதிய அட்டவணை வந்தது. ஜன்னலோரப் பையனின் குறிப்பேட்டில் வாரத்துக்கு 11 கையெழுத்துகள் இருந்த இடத்தில் 5 ஆயின. அதற்குக் கீழே எங்களால் கொண்டுவர முடியவில்லை. இரவுப் பணிக்கு ஆள் கிடைப்பதில்லை.

விருந்தினர் வரும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் வாகனம் நின்றவுடன் ஓடிப்போய், முன்பின் பார்த்திராதவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மடியில் ஏறி உட்கார்ந்துவிடும் ஒரு சிறுமி எங்களிடம் இருந்தாள். நான் முதல் நாள் போனபோது என்னையும் அப்படித்தான் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, குழந்தைகளுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்க வந்தவரின் மடியிலும் அவள் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அறிமுகமில்லாதவரிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்வதைக் குழந்தை மனநல மருத்துவம் ஒரு குறைபாடாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பற்றுக்கோடாக ஒருவரும் நிலைக்காத இடத்தில் வளரும் பிள்ளைகளிடம் அது அதிகம். அந்த அணைப்பைப் பெற்றுக்கொண்டு கண்கலங்கி, படம் எடுத்துக்கொண்டு, இனிப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. ஆனால் மாலையில் அவர்கள் போன பிறகு அந்தச் சிறுமி வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தை அவர்கள் பார்ப்பதில்லை. பெற்றோரின் அரவணைப்பில்லாத குழந்தைகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019-இல் நிறைவேற்றிய தீர்மானம், இல்லங்களுக்குச் சுற்றுலாவாகவும் தற்காலிகத் தன்னார்வலராகவும் செல்லும் பழக்கம் சுரண்டலுக்கு வழிவகுக்கக்கூடும் என்பதையும் குறிப்பிட்டது. கொடுக்க விரும்புகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது ஒன்றே: இரவுப் பணிக்கு ஓர் ஆளின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னவுடன் பெரும்பாலோர் முகம் வாடிவிடுகிறது, ஏனெனில் அதைப் படம் எடுக்க முடியாது.

இல்லம் என்றவுடன் அனாதை என்ற சொல்லும் சேர்ந்தே வந்துவிடுகிறது. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார்; எங்கள் இல்லத்தின் பதிவேடும் அதையே காட்டியது. அவர்களைக் கொண்டுவந்து விட்டது சாவைவிட, வறுமையும் நோயும் தூக்கமின்மையும்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துக் கத்தும் குழந்தையோடு ஐந்து ஆண்டுகள் ஒற்றை ஆளாக இருந்த தாயிடம், ஒரு வாரம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது முன்வந்திருந்தால், அவள் எங்கள் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டாள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, குழந்தையின் குறைபாட்டையோ பெற்றோரின் குறைபாட்டையோ காரணமாக வைத்து அவர்களைப் பிரிக்கவே கூடாது என்று 23-ஆம் பிரிவில் சொல்கிறது; பெற்றோரால் முடியாதபோது உறவினரிடமும், அதுவும் முடியாதபோது சமூகத்துக்குள் ஒரு குடும்பச் சூழலிலும் வளர்க்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2009-இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளோ, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் குடும்பச் சூழலே வேண்டும் என்றும், உடன்பிறந்தவர்களைப் பிரிக்கலாகாது என்றும், பெரிய விடுதி போன்ற இல்லங்களைப் படிப்படியாகக் குறைத்துவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. இவற்றோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் குடும்பங்களுக்கு உதவி ஏற்பாடு செய்வதற்கு முன்பாக இல்லத்தின் கதவை மட்டும் மூடிவிட்டுக் கணக்குக் காட்டும் வழக்கத்தோடு உடன்பாடில்லை. அதன் சுமை முழுவதும் யாரோ ஒரு தாயின் முதுகில்தான் மீண்டும் ஏறும்.

ஜன்னலோரப் பையனுக்கும் தாய் இருந்தாள். நான் சேர்ந்த ஆறாம் மாதத்தில், நெடுநாளுக்குப் பிறகு அவள் பார்க்க வந்தாள். அன்று காலையிலிருந்து அவன் ஓயாமல் அழுதுகொண்டிருந்தான். பேச முடியாத குழந்தை அழுதால் பல், காது, வயிற்றில் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், இடுப்பு மூட்டு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்; மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுவதால் அதையும் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வந்தாள், அவனை ஒரு கணம் பார்த்தாள், போர்வையை விலக்கி இடது காலுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றது. "இவனுக்குச் சின்ன வயசிலிருந்தே காலுறையின் தையல் ஆகாது" என்றாள். எங்கள் குறிப்பேட்டில் அவனுடைய எடையும் உயரமும் மருந்தின் அளவும் இருந்தன. அவனுடைய முதல் நான்கு ஆண்டுகள் இல்லை. சேர்த்துக்கொண்ட நாளில் அவளிடம் பன்னிரண்டு இடங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து எழுதியது மட்டும் நான்கு பக்கம் வந்தது. பிறகு ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி அப்படி எழுதத் தொடங்கினோம். சிலர் எடுக்கவில்லை, சிலர் அழுதார்கள், ஒரு பாட்டி தாலாட்டையே பாடிக் காட்டினார்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இல்லத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்று 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு கூறியது. காரணம் விளங்காததல்ல: உடல் முழுவதையும் பிறர் கையாளும் வாழ்க்கையில் எந்தத் தொடுகை தேவையானது, எது கூடாதது என்று ஒரு குழந்தை எப்படிப் பிரித்தறியும், அறிந்தாலும் எப்படிச் சொல்லும்? ஆகவேதான் 'சொல்லிவிட்டுத் தொடு' என்பதை மரியாதைக்கான விதியாக மட்டும் நான் பார்ப்பதில்லை. சொல்லாமல் தொடுகிற கை வித்தியாசமானது என்று குழந்தைக்குத் தெரியவேண்டும். எல்லாக் கைகளும் சொல்லாமலே தொட்டால் அது தெரியவே தெரியாது. இதோடு, குளிப்பாட்டும்போது கதவை ஒருக்களித்து வைப்பது, உடலில் காணும் ஒவ்வொரு காயத்தையும் உருவப்படத்தில் குறித்துத் தேதியிடுவது, குழந்தையின் முகபாவம் ஒருவரைக் கண்டால் மட்டும் மாறுகிறதா என்று கவனிப்பது ஆகியவையும் வேண்டும்.

எங்கள் இல்லத்தில் புகார்ப்பெட்டி ஒன்று இருந்தது. ஆய்வுக்கு வருபவர்கள் அதைக் கேட்பார்கள் என்பதற்காக அலுவலகத்தின் வெளிச்சுவரில், என் தோள் உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு எட்டாது. எட்டினாலும் பாதிப் பேருக்கு எழுத வராது. நான் இருந்த காலம் முழுவதும் அதற்குள் ஒரே ஒரு தாள்தான் விழுந்தது. அதுவும் ஒரு நன்கொடையாளரின் முகவரி அட்டை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் போலந்தின் வார்சாவில், 1912-இல் திறந்த அனாதை இல்லத்தில், குழந்தைகளே நீதிபதிகளாக இருக்கும் நீதிமன்றம் ஒன்றை நடத்தினார். பெரியவர்கள்மீதும் வழக்குத் தொடரலாம். அவரே சில மாதங்களுக்குள் ஐந்து முறை அதன் முன் நிறுத்தப்பட்டிருக்கிறார். அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கானவை. 1942 ஆகஸ்டில் ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளோடு நாஜிகளின் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டபோது, தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து அவர்களோடே சென்றவர் என்பதாகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். எனக்கு அந்த ஐந்து வழக்குகள்தான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் பெட்டியைப் பிறகு தாழ்த்தினோம். எழுத வராதவர்களுக்காகப் பட அட்டைகள் வைத்தோம். வாரம் ஒருமுறை, அந்த அறையில் பணிபுரியாத ஒருவர் வந்து அட்டைகளைக் காட்டிக் கேட்பார். முதல் புகார் என்மேல்தான் வந்தது: நான் வானொலியை மிகவும் சத்தமாக வைக்கிறேனாம்.

பதினெட்டு வயதில் என்ன ஆகும் என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள்; அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நடக்கவும் பேசவும் முடிந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி, வாடகை அறை, யாராவது ஒரு பெரியவரின் மேற்பார்வை என்று ஏதோ ஒரு பாதை உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் வேறொரு இல்லத்துக்குப் போகிறார்கள், அங்கே கைகளின் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. அவர்களோடு குறிப்பேடு போகிறதா என்று பார்ப்பது மட்டுமே எங்களால் முடிந்தது.

ஒன்றரை ஆண்டு முடிந்தபோது நானும் கிளம்பினேன். இரவுப் பணியில் உடல் தேய்ந்துவிட்டது, வீட்டில் கடன் இருந்தது, வேறு வேலை கிடைத்தது. காரணங்கள் எல்லாம் உண்மையானவை. பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் வந்துபோன கைகளில் இன்னொன்று. சொல்லாமல் போய்விடுவது அவனுக்கு எளிது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா விடவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும், மருத்துவக் குறிப்பேட்டைத் தவிர, படங்களும் நிகழ்ச்சிகளும் ஒட்டிய நினைவேடு ஒன்று உண்டு. போகிறவர் யாராக இருந்தாலும் அதில் தம் கையால் எழுதி, அதைக் குழந்தைக்குப் படித்துக்காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தை அவர் கொண்டுவந்திருந்தார். நான் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலிரண்டிலும் என்னைப் பற்றியே நிறைய எழுதியிருந்தேன். மூன்றாவதில் அழகான சொற்கள் அதிகமாக இருந்தன. கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: "நான் வேறு வேலைக்குப் போகிறேன். நீ எந்தத் தவறும் செய்யவில்லை. வியாழக்கிழமை மாலைகளில் வந்து உனக்கு உணவு ஊட்டுவேன்."

படித்துக் காட்டிவிட்டு, "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். வழக்கமான நான்கைந்து வினாடிகளைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டான். கண்கள் உத்தரத்துக்குப் போகவுமில்லை, இமைகள் மூடவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் வியாழக்கிழமை போனேன். கரண்டியை நாக்கில் வைத்தபோது அதை வெளியே தள்ளினான். அடுத்த வாரமும் தள்ளினான். நான்காவது வாரம் வாங்கிக்கொண்டான்.

நினைவேட்டின் பின்பக்கத்தில் அக்கா கட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு வியாழனும் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறேன். இதுவரை ஐம்பத்துமூன்று கட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு காலியாகக் கிடக்கின்றன, அவற்றை நிரப்ப அக்கா அனுமதிப்பதில்லை.